பாலாற்றங்கரையில் ஒரு நுண்ணிழைத் துண்டு

நல்ல மைக்ரோஃபைபர் துண்டு ஒன்றைக் கழுவிய காரின் பானெட்டில் விரித்து மெல்ல இழுத்தால், அது போன வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. அதே துண்டு சில மாதங்கள் கழித்துத் தண்ணீரைக் குடிக்க மறுத்து, ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. கிழிசல் இல்லை, சாயம் போகவில்லை, ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுத்தான் துவைத்திருக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலை 48-ஐ ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை என்று வரிசையாக உள்ள தோல் ஊர்களில் இது சீக்கிரம் நடப்பதற்குக் காரணம் உண்டு. துண்டு பெரும்பாலும் காரின் மேல் கெடுவதில்லை. துவைக்கும் வாளியில் கெடுகிறது.

நுண்ணிழை என்பதற்கு நெசவுத் துறையில் ஓர் அளவு இருக்கிறது. 9,000 மீட்டர் நீளமுள்ள இழை ஒரு கிராம் எடை வந்தால் அதன் பருமன் ஒரு டெனியர். அதற்கும் குறைந்தது நுண்ணிழை. ஒற்றைப் பட்டிழைகூட ஒரு டெனியரைச் சற்றுத் தாண்டிவிடும். ஆம்பூரிலிருந்து வேலூர் வரை சுமார் 50 கிலோமீட்டர் தூரத்துக்கு நுண்ணிழை ஒன்றை நீட்டினாலும் அதன் மொத்த எடை ஆறு கிராமை எட்டாது.

இந்த இழை முதலில் துடைப்பதற்காகப் பிறக்கவில்லை. 1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ உருவாக்கிய ‘அல்ட்ராஸ்வேட்’, மென்தோலுக்கு மாற்றாக வந்த துணி. தோலின் உட்பகுதியில் கொலாஜன் என்னும் புரத இழைகள் கற்றை கற்றையாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொரு கற்றையும் மேலும் மெல்லிய இழைகளாகப் பிரிகிறது. ஸ்வேட் தோலைத் தடவும்போது விரலுக்குத் தெரியும் மிருதுத்தன்மை அதனால் வருவது. அவ்வளவு மெல்லிய செயற்கை இழையை நேரடியாக நூற்க முடியாததால், ஒரு பாலிமருக்குள் இன்னொரு பாலிமரின் பல இழைகள் தீவுகள்போல் பதிந்திருக்கும்படி முதலில் தடித்த இழையாக நூற்றார்கள். பிறகு வெளிப் பாலிமரைக் கரைத்து அகற்றினார்கள். தீவுகள் மட்டும் மிஞ்சின. தோலைப் போலி செய்யப் பிறந்த இழை இன்று தோல் ஊரிலேயே காலணி மேற்பகுதிக்கும் கார் இருக்கைக்கும் தோலோடு போட்டியிடுகிறது என்பது வேறு கதை.

கார் துடைக்கும் துண்டில் இருப்பது இதன் உறவுக்கார இழை. பாலியஸ்டர் 80 விழுக்காடு, நைலான் 20 விழுக்காடு, அல்லது 70-க்கு 30 என்று துண்டின் சீட்டில் அச்சிட்டிருக்கும். இரண்டும் தனித்தனி நூல்கள் அல்ல. ஒரே இழையின் குறுக்குவெட்டில் பாலியஸ்டர் சாத்துக்குடியின் சுளைகள்போலவும், நைலான் சுளைகளுக்கு நடுவே உள்ள தோல்போலவும் அமைந்திருக்கும். துணியாக நெய்த பின் சூடான காரக் கரைசலில் அலசினால் சுளைகள் பிரிந்துவிடும். இந்தப் பிளவு நடக்காத துணியையும் மைக்ரோஃபைபர் என்றே விற்கிறார்கள். கைக்கு மெத்தென்று இருக்கும், தண்ணீரைத்தான் எடுக்காது. பிளவுபட்ட துணியைக் காய்ந்த உள்ளங்கையில் இழுத்தால் தோலின் சொரசொரப்பில் இழைகள் கொக்கிபோல் மாட்டும். வாங்கும்போது செய்து பார்க்க எளிய சோதனை இது.

பிளவினால் என்ன லாபம்? வட்டமான இழையைப் பதினாறு ஆப்புகளாக வெட்டினால் பழைய வெளிப்பரப்பு அப்படியே இருக்க, வெட்டிய முகங்கள் முப்பத்திரண்டு புதிதாகச் சேருகின்றன. கணக்குப்படி மொத்தப் பரப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு. பரப்பு கூடும் அதே நேரத்தில் இழைகளுக்கு நடுவிலான இடுக்குகளும் பல மடங்கு பெருகுகின்றன. துண்டின் திறமை முழுவதும் அந்த இடுக்குகளில்தான் இருக்கிறது.

பருத்தி தண்ணீர் குடிப்பதும் நுண்ணிழை குடிப்பதும் ஒன்றல்ல. காற்றிலுள்ள ஈரத்தில் பருத்தி தன் எடையில் ஏழெட்டு விழுக்காட்டை இழைக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். நைலான் நான்கு விழுக்காடு. பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட இல்லை. ஆக, துண்டின் பெரும்பகுதி தண்ணீரையே குடிக்காத பொருள். அப்படியானால் பானெட்டில் கிடந்த தண்ணீர் எங்கே போனது? இழைக்கு உள்ளே அல்ல, இழைகளுக்கு நடுவே. நுண்துளை ஈர்ப்பு என்று பள்ளிப் பாடத்தில் வருவதுதான். இடுக்கு குறுகக் குறுக இழுக்கும் வலு கூடும்.

அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இழையின் மேற்பரப்பில் தண்ணீர் படர வேண்டும். ஒரு துளி பரப்பைத் தொடும் இடத்தில் அமையும் கோணத்தைத் தொடுகோணம் என்பார்கள். அது 90 பாகைக்குக் குறைவாக இருந்தால் இடுக்கு தண்ணீரை உள்ளே இழுக்கும், கூடினால் வெளியே தள்ளும். சுத்தமான பாலியஸ்டர் இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கிறது. எண்ணெய்ப் பசையுள்ள ஒரு மெல்லிய படலம் ஏறினால் கோட்டைத் தாண்டிவிடும். கார் மெழுகின் வேலையே பெயிண்டின் தொடுகோணத்தை 90-க்கு மேலே தூக்கி, மழைத்துளியை முத்தாக உருளவைப்பது. மெழுகு துடைத்த துண்டைச் சரியாகத் துவைக்காவிட்டால் அதே வேலையை அது துண்டுக்கும் செய்துவிடுகிறது.

மைக்ரோஃபைபர் வருவதற்கு முன் கார் துடைத்தது சாமாய் தோல். ஆட்டுத்தோலின் உட்பிளவை மீன் எண்ணெயில் ஊறவைத்து, அந்த எண்ணெய் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கொலாஜனோடு பிணையும்படி பதனிடுவது அது. குரோமியமும் இல்லை, ஆவாரம் பட்டையும் இல்லை. அதை வீரியமான டிடர்ஜென்டில் துவைத்தால் எண்ணெய் போய் விறைத்துவிடும் என்பதால், சோப்பை முழுக்க அலசாமல் கொஞ்சம் விட்டே காயவைப்பது வழக்கம். சாமாய்க்கு உயிர் கொடுத்த அந்தப் பழக்கம் நுண்ணிழைத் துண்டுக்குக் கேடு. இதற்குத் துளி சோப்பும் தங்கக் கூடாது.

துணியை மென்மையாக்கும் கண்டிஷனரும் அப்படித்தான். அதிலுள்ள மூலக்கூறுக்கு நேர்மின் தலை ஒன்றும் நீண்ட கொழுப்பு வால் ஒன்றும் உண்டு. தலை இழையில் ஒட்டிக்கொள்ள, வால் வெளிப்புறம் நீட்டிக்கொண்டிருக்கும். விரலுக்கு வழவழப்பு, தண்ணீருக்குத் தடை. சேலைக்கும் சட்டைக்கும் பரவாயில்லை. துண்டின் தொழில் போய்விடும்.

துண்டு கெடுவதன் இன்னொரு முகம், அது காரையும் கெடுப்பது. கார் பெயிண்டின் மேல் நிற்கும் ஒளிபுகும் பூச்சான கிளியர் கோட், தலைமுடியின் பருமனைவிடப் பொதுவாக மெல்லியது. 40, 50 மைக்ரான் அளவில்தான் இருக்கும். சாலைப் புழுதியிலும் வறண்டு கிடக்கும் பாலாற்று மணலிலும் உள்ள குவார்ட்ஸ் அந்தப் பூச்சைவிட மிகக் கடினமானது. நல்ல துண்டில் மணல்துகள் இழைகளின் ஆழத்துக்குள் இறங்கிவிடும், பெயிண்டில் உரசாது. மெழுகும் சுண்ணாம்பும் பஞ்சும் அடைத்த துண்டில் இறங்க இடமில்லாமல் துகள் மேலேயே நிற்கும். விளைவு, வெயிலில் கருப்புக் காரில் தெரியும் வட்ட வட்டமான கீறல்கள். உண்மையில் அவை எல்லாத் திசைகளிலும் ஓடும் நேர்க்கீறல்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றித் தொடுகோடாக அமைந்தவை மட்டும் ஒளியைக் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. காரைச் சுற்றி நடந்தால் வட்டமும் கூடவே நகரும்.

பஞ்சு துண்டில் எப்படி வருகிறது? பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைப்பதால். பருத்தி உதிர்க்கும் தூசிழைகளைப் பிளவுபட்ட இழை கொக்கிபோட்டுப் பிடித்துக்கொள்ளும். பிறகு எந்தச் சோப்பும் அதை எடுக்காது. பனியன், லுங்கி, குளியல் துண்டு எதுவும் இதனோடு ஒரே தொட்டியில் போகக் கூடாது.

மெழுகுக்கும் பஞ்சுக்கும் ஊர் வித்தியாசம் கிடையாது. தண்ணீருக்கு உண்டு.

தண்ணீரின் கடினத்தன்மை என்பது அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவு. 1840-களில் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிளார்க் அதை அளக்கச் சோப்பையே கருவியாக்கினார். நுரை நிலைத்து நிற்க எவ்வளவு சோப்புக் கரைசல் தேவை என்பதே அவருடைய அளவுகோல். கடின நீரில் முதலில் விடும் சோப்பு முழுவதும் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காகப் பிரிந்துவிடும். அதைத் தாண்டி மிஞ்சும் சோப்புதான் நுரைக்கும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. டி.டி.எஸ். என்று மக்கள் சொல்லும் மொத்தக் கரைதிடப் பொருளுக்கு இந்த எல்லைகள் 500, 2,000.

வேலூர் வட்டாரம் கிரானைட், நைஸ், சார்னோகைட் போன்ற கடும்பாறை நிலம். பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும் நீரில் இயற்கையாகவே கொஞ்சம் தாது சேரும். அதன் மேல் தோல் பதனிடும் ஷாப்புகளின் கதை ஏறியது. பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் சுமார் 40 விழுக்காடு வரை உப்புத் தடவுவார்கள். ஷாப்பில் முதல் வேலை அந்த உப்பைக் கழுவி வெளியேற்றுவது. அடுத்து முடி உதிரச் சுண்ணாம்புத் தொட்டி. அதில் கால்சியம் நேராகவே வருகிறது. குரோமியப் பதனிடலில் சல்பேட் சேருகிறது.

சாதாரண உப்பிலுள்ள சோடியம் சோப்பைக் கெடுக்காதே, உப்பு நீர் எப்படிக் கடின நீராகும் என்று கேட்கலாம். விடை மண்ணில் இருக்கிறது. களிமண் துகள்கள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்திருக்கும். சோடியம் மிகுந்த கழிவு அதன் வழியே இறங்கும்போது, சோடியம் உள்ளே அமர்ந்துகொண்டு கால்சியத்தை நீருக்குள் தள்ளிவிடும். அயனிப் பரிமாற்றம் என்பது இதன் பெயர். வீட்டு மாடியில் வைக்கும் வாட்டர் சாஃப்ட்னர் இதையே தலைகீழாகச் செய்கிறது. அதன் பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன.

பாதிப்பின் அளவு நீதிமன்றப் பதிவிலேயே இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டதை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் எதிர்ச்சவ்வூடு பரவலும் வந்த பிறகும், நிலத்தடியில் இறங்கிவிட்ட உப்பு அவ்வளவு எளிதில் வெளியேறாது. பயிர் கருகியதற்கு முன்னால் ஒரு துண்டின் துயரம் அற்பம்தான். ஆனால் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீர் என்ன செய்கிறது என்பதைத் துண்டு கண்ணுக்குக் காட்டிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60-க்கு 90 சென்டிமீட்டர் அளவில், சதுர மீட்டருக்கு 1,000 கிராம் எடையுள்ள உலர்த்தும் துண்டு சுமார் 540 கிராம் வரும். பிழிந்த பிறகும் அதில் கால் லிட்டர் தண்ணீர் தங்குவதாகக் கொள்வோம். டி.டி.எஸ். 2,000 உள்ள நீரானால் காய்ந்தபின் அரை கிராம் திடப்பொருள் இழைகளுக்குள் தங்கும். அதில் சோடியம் உப்பு அடுத்த துவைப்பில் கரைந்து போகும். கால்சியம் கார்பனேட் போகாது, அதன் மேல் அடுத்த அடுக்கு ஏறும். துண்டு காய்ந்ததும் அட்டைபோல் மொடமொடவென்று இருப்பது அதனால்தான்.

சலவைத்தூளும் இதற்கு உடந்தை. பெரும்பாலான தூள்களில் உள்ள சலவைச் சோடா, நீரிலுள்ள கால்சியத்தைக் கார்பனேட்டாக வீழ்ப்படியச் செய்து அழுக்கெடுக்கும் பொருளைக் காப்பாற்றுகிறது. வீழ்ந்த சுண்ணாம்பு துணியில்தான் படியும். சோப்புக் கட்டியில் நிரப்பியாகச் சேர்க்கும் கனிமத்தூள் வேறு உண்டு. ஆகவே இந்தத் துண்டுகளுக்குத் திரவ டிடர்ஜென்ட்தான் ஏற்றது. அளவும் குறைவாக இருக்கட்டும். நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றுவது தீர்வல்ல. தண்ணீரை மாற்றுவதே தீர்வு.

எல்லாத் தண்ணீரையும் மாற்றத் தேவையில்லை. முதல் அழுக்கைப் போர் தண்ணீரில் அலசிவிட்டு, டிடர்ஜென்ட் கலக்கும் வாளியையும் கடைசி அலசலையும் மட்டும் மென்னீராக்கினால் போதும். மழைநீர்த் தொட்டியோ, காவிரிக் கூட்டுக் குடிநீரோ, சாஃப்ட்னர் நீரோ கிடைத்ததைக் கொள்ளலாம். இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். டி.டி.எஸ். மீட்டர் நீரின் மின்கடத்துதிறனை அளந்து மொத்த உப்பைத்தான் ஊகிக்கிறது, கடினத்தன்மையை அல்ல. சாஃப்ட்னரில் கால்சியம் போய்ச் சோடியம் வருவதால் மீட்டர் எண் அப்படியே நிற்கும். இயந்திரம் வேலை செய்யவில்லை என்று அதைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. ஒரு பாட்டிலில் சோப்புத் துளியிட்டுக் குலுக்கும் கிளார்க்கின் பழைய சோதனைதான் இங்கே நம்பகமானது. துண்டுக்கு மென்னீர் போதும். காரின் கடைசிக் கழுவலுக்கு மட்டும் ஆர்.ஓ. நீர் நல்லது. எந்த உப்பானாலும் காய்ந்தால் பெயிண்டில் புள்ளி விழும்.

வெந்நீர் கையால் தாங்கும் சூட்டில், 40 பாகை செல்சியஸ் அளவில் போதும். கார்னௌபா மெழுகு 80 பாகைக்கு மேல்தான் உருகும். அதைச் சூட்டால் உருக்கி எடுக்க நினைத்தால் முதலில் கெடுவது துண்டு. நைலானும் பாலியஸ்டரும் உருக 200 பாகைக்கு மேல் வேண்டும் என்றாலும், அதற்கு வெகு முன்பே, 50-க்கும் 80-க்கும் நடுவே, பாலிமர்ச் சங்கிலிகள் இளகத் தொடங்கிவிடும். அந்தச் சூட்டில் அமுங்கிய இழை ஆறியதும் அமுங்கிய வடிவிலேயே நிற்கும். இஸ்திரிப் பெட்டி அறவே கூடாது. குளோரின் பிளீச்சும் கூடாது, அது நைலானைச் சிதைக்கும். வேலூரின் சித்திரை வெயில் துண்டை ஒரு மணி நேரத்தில் காயவைக்கும்தான். ஆனால் புற ஊதாக் கதிர் நைலானை நாளடைவில் மஞ்சளாக்கி நொறுங்க வைக்கும். காற்றோட்டமுள்ள நிழல், அதுவும் நெடுஞ்சாலைப் புழுதி எட்டாத நிழல், சிறந்தது.

சுண்ணாம்பு ஏற்கெனவே படிந்த துண்டை மீட்கலாம். ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் ஒரு கோப்பை வெள்ளை வினிகர், அல்லது ஒரு கரண்டி சிட்ரிக் அமிலம் கலந்து அரைமணி ஊறவைத்தால் கார்பனேட் கரைந்து கரியமில வாயுவாகவும் கரையும் உப்பாகவும் பிரியும். வரிசைதான் முக்கியம். அமிலம் சோப்புப் பிசுக்கிலிருந்து கால்சியத்தைப் பிரிக்கும்போது கொழுப்பமிலம் மெழுகாக இழையிலேயே தங்கும். ஆகையால் அமிலத்துக்குப் பின் டிடர்ஜென்டில் ஒரு முறை துவைக்க வேண்டும். முன்னால் துவைத்துப் பின்னால் அமிலம் என்றால் பாதி வேலைதான் முடியும். கால்சியம் சல்பேட்டை வினிகர் அவ்வளவாக அசைக்காது. வினிகரையும் பிளீச்சையும் ஒரே வாளியில் கலந்தால் நச்சான குளோரின் வாயு வரும்.

மீண்டதா என்று கண்டறிய ஆய்வகம் வேண்டாம். காய்ந்த துண்டின் மேல் ஒரு சொட்டு நீரை விட்டு, பளபளப்பு மறையும் நேரத்தைப் பார்த்தால் போதும். நெசவுத் துறையின் தரச் சோதனையும் ஏறக்குறைய இதுவே. உடனே மறைந்தால் துண்டு உயிரோடு இருக்கிறது. துளி முத்தாக உட்கார்ந்தால் படலம் இருக்கிறது. உள்ளே இறங்கியும் துண்டு மொடமொடத்தால் சுண்ணாம்பு. பழைய சி.டி.யில் தேய்த்துக் கீறல் பார்க்கும் சோதனையை மட்டும் அதிகம் நம்ப வேண்டாம். சி.டி. பிளாஸ்டிக் கிளியர் கோட்டைவிட மென்மையானது. அதில் விழும் கீறல் காரிலும் விழும் என்று சொல்ல முடியாது.

வாளியிலிருந்து வெளியேறும் நீரையும் கவனிக்க வேண்டும். 2016-இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் நேப்பரும் தாம்ப்சனும் அளந்தபோது, ஆறு கிலோ அக்ரிலிக் துணி ஒரு துவைப்பில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இழைத்துண்டுகளை உதிர்க்கக்கூடும் என்று தெரிந்தது. நுண்ணிழைத் துண்டும் செயற்கை இழைதான், அதுவும் உதிர்க்கும். குறைந்த சூடு, குறைந்த அலசல், இயந்திரம் நிறையும் அளவு துணி ஆகியவை உதிர்வைக் குறைக்கும். வடிகட்டியில் சேரும் பஞ்சைச் சாக்கடையில் அலசாமல் குப்பையில் போடுவது இன்னும் நல்லது. கழிவுநீருக்காக உச்ச நீதிமன்றம் வரை போன ஊர்களில் இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

செராமிக் கோட்டிங் துடைத்த துண்டை மட்டும் மீட்க வழியில்லை. அந்தச் சிலிக்காப் பூச்சு சில மணி நேரத்தில் இழைகளுக்குள்ளேயே கண்ணாடிபோல் இறுகி, அடுத்த காரைக் கீறும். அன்றைக்கே குப்பைக்குப் போக வேண்டியது அது. மற்ற துண்டுகளுக்கு ஓர் இறங்குவரிசை உண்டு. முதலில் பெயிண்ட், பிறகு உட்புறமும் கதவு இடுக்குகளும், கடைசியில் சக்கரமும் என்ஜினும். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள் இழையில் ஏறினால் எந்தத் துவைப்பிலும் முழுதாக இறங்காது. எனவே சக்கரம் துடைத்த துண்டு எவ்வளவு வெளுத்தாலும் மறுபடி பெயிண்டுக்கு வரக் கூடாது.